வானத்திலிருந்து மீன் தெரியுமா?

"செயற்கைக்கோள் உதவியுடன் மீன் இருக்கும் இடம் மீனவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது" என்று செய்தியில் வரும். அதைப் படித்தவர்களில் பலர், மேலே ஏதோ ஒரு கேமரா கடலுக்குள் எட்டிப் பார்த்து மத்திக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மீன்பிடித் தகவலுக்குப் பயன்படும் செயற்கைக்கோள்கள் 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு மீன்கூட அவற்றின் கண்ணில் படாது. அவை கடலில் பார்ப்பது முக்கியமாக இரண்டு: மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது, தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது. புல் எங்கே பச்சையாக இருக்கிறது என்று சொல்ல முடியும், மாடு அங்கே மேய்கிறதா என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் கரைக்கு வந்து சேருவது ஓர் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் அது பலிக்கிற இடமும் சறுக்குகிற இடமும் கடலுக்குக் கடல், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரே துறைமுகத்தில் ஒருவர் "அது சொன்ன இடத்தில் நல்ல மீன்பாடு" என்பதும், பக்கத்துப் படகுக்காரர் "டீசல்தான் போச்சு" என்பதும் ஒரே நாளில் நடப்பது அதனால்தான்.

முதலில் நிறம். கடலில் எல்லா உணவுக்கும் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அவற்றைத் தின்று மிதவை உயிரிகள், அவற்றைத் தின்று நெத்திலி, மத்தி, சூடை, அவற்றைத் துரத்திக்கொண்டு சூரையும் வஞ்சிரமும். நுண்பாசியிலும் இலையில் இருப்பதைப்போலப் பச்சையம் உண்டு. பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும், பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. ஆகவே பாசி குறைந்த ஆழ்கடல் நீலமாகத் தெரியும், பாசி பெருகிய நீர் பச்சைக்குத் திரும்பும். நீல ஒளியும் பச்சை ஒளியும் எந்த விகிதத்தில் திரும்பி வருகின்றன என்று அளந்தால், ஒரு கனமீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியில் இது பெரும்பாலும் அரை மில்லிகிராமுக்கும் கீழே. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கேரளக் கரையோரம் பல மில்லிகிராம் வரை ஏறும்.

சொல்வதற்கு எளிது, அளப்பதுதான் பாடு. செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்ததே கிடையாது. காற்றும் தூசியும் சிதறடித்த வெளிச்சம் அது. அதைக் கழித்துவிட்டு, மிஞ்சிய சொச்சத்தில்தான் பாசியைத் தேட வேண்டும். கழித்தலில் சிறு பிழை வந்தாலும் பச்சையக் கணக்கு பெரிதாகத் தவறிவிடும்.

இரண்டாவது, சூடு. இது அகச்சிவப்புக் கதிர்களை வைத்து அளப்பது. வெயில் படும் மேல்நீரில் உரச்சத்து சீக்கிரம் தீர்ந்துபோகும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியில், குளிர்ந்த இருட்டு நீரில் கிடக்கும். அடிநீர் மேலே வந்தால்தான் பாசி செழிக்கும். வந்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தெரியும். இதற்குப் பெயர்பெற்ற இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று கேரளக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி அடிக்கிறது, பூமி சுழற்சியால் மேல்நீர் கரையை விட்டு விலகி மேற்கே போகிறது, காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. கன்னியாகுமரி முனையிலும் இதன் சாயல் உண்டு. மத்தியும் அயலையும் அந்தக் கரையில் குவிவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் குளிர்நீர்தான்.

நடைமுறையில் அறிஞர்கள் தேடுவது வெறும் குளிர்ந்த இடத்தையோ பச்சை இடத்தையோ இல்லை, அவை முடிகிற ஓரத்தை. இரண்டு வகை நீர் வந்து முட்டும் கோட்டில் மிதக்கிறதெல்லாம் ஒதுங்கும்: நுரை, குப்பை, பாசி, மிதவை உயிரி எல்லாம். அதைத் தின்ன சிறுமீன் வரும், சிறுமீனுக்காகப் பெருமீன் வரும். 1980களில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் பிடிபட்ட அல்பகோர் சூரைகளின் இடங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டபோது சுவாரசியமான ஒன்று தெரிந்தது. சூரைகள் கோட்டின் வெதுவெதுப்பான, தெளிந்த நீலநீர்ப் பக்கமாகவே நின்றன. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் அது. கலங்கலுக்குள் போனால் இரை தெரியாது. விளிம்பில் நின்றுகொண்டு, பச்சை நீரிலிருந்து தப்பி வருவதைப் பிடித்துக்கொள்கிறது. வரைபடத்தில் எங்கே அதிகப் பச்சையோ அங்கே நேராகப் போகிறவருக்கு ஏன் சூரை கிடைப்பதில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

கடலின் நிறத்தை அளக்கவென்றே செய்த முதல் கருவி 1978இல் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஏறியது. இந்தியாவில் வேலை தொடங்கியது சூட்டை வைத்து. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் தந்த வெப்பநிலைப் படங்களைக் கொண்டு விண்வெளித் துறை மீன்பிடித் தகவலைத் தயாரித்தது. 1999 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்கோயிஸ், நிறுவப்பட்டது. அதே ஆண்டு மே 26இல் இஸ்ரோவின் ஓஷன்சாட்-1 மேலே போனது, கடல் நிறத்தைப் பார்க்கும் கருவியோடு. அதன்பிறகு சூடும் நிறமும் ஒன்றுசேர்ந்தன. ஓஷன்சாட்-2 2009 செப்டம்பரிலும், ஓஷன்சாட்-3 2022 நவம்பரிலும் ஏவப்பட்டன. சுனாமி எச்சரிக்கை வெளியிடுவதும் இதே இன்கோயிஸ்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மையத்திலிருந்து வரும் அறிவிப்பு பார்க்க ஓர் அட்டவணைபோல இருக்கும். தமிழ்நாட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மீன் இறங்குதளத்தின் பெயருக்கு எதிரிலும் திசை, திசைகாட்டிக் கோணம், கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அங்கே ஆழம் எத்தனை மீட்டர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று வரிசையாக இருக்கும். கற்பனையாக ஒரு வரி எழுதினால்: சின்னமுட்டம், தென்கிழக்கு, 140 பாகை, 35 முதல் 40 கிலோமீட்டர், ஆழம் 60 முதல் 65 மீட்டர்.

இதைக் கையில் வாங்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் ஆழத்தைப் பாகத்தில் கணக்கிடுகிறவர். 60 மீட்டர் என்றால் அவருக்கு 33 பாகம். தூரத்தை அவர் ஜிபிஎஸ் கருவி கடல்மைலில் காட்டுகிறது, 40 கிலோமீட்டர் என்றால் இருபத்தொன்றரைக் கடல்மைல். இதையாவது மனக்கணக்கில் சமாளிக்கலாம். அட்சரேகையில்தான் வினை. 10 பாகை 30 நிமிடம் என்று வந்ததை, தசமக் கணக்கில் வைத்திருக்கும் கருவியில் 10.30 என்று அடித்துவிட்டால், கருவி அதை 10 பாகை 18 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் பாகைக்கு 60 நிமிடம், 100 அல்ல. வித்தியாசம் 12 நிமிடம், அதாவது 12 கடல்மைல், 22 கிலோமீட்டர். செயற்கைக்கோளும் சரி, விஞ்ஞானியும் சரி, மீனவரும் சரி, யாரிடமும் குறை இல்லை, படகு மட்டும் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். துல்லியத்துக்காகக் கோடிகள் கொட்டுகிற துறையில் இந்தச் சில்லறைச் சிக்கலைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது என் புகார்.

மீனவர்களிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் தெளிவா கலங்கலா, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று வாடையா (வடகாற்று) சோழகமா (தென்காற்று), கடற்பறவை எங்கே கூடி இறங்குகிறது, நுரைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் வலை இறங்கும். கடலடியில் பாறைத் தரை இருக்கும் 'பார்' எங்கே என்பது கரையிலுள்ள மலையையும் கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் கூம்பையும் அடையாளம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. இப்போது ஜிபிஎஸ்ஸில் புள்ளியாக ஏறிவிட்டது. கவனித்தால், நுரைக்கோடும் தண்ணீர் நிறமும் செயற்கைக்கோள் தேடுகிற அதே சங்கதிகள்தான். வேறுபாடு பரப்பில். படகிலிருந்து பார்க்கிறவருக்கு அடிவானம் வரை, சில கிலோமீட்டர்தான் தெரியும். ஓஷன்சாட்டின் கருவி ஒரே ஓட்டத்தில் 1,400 கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்துவிடும். ஆனால் படகுக்காரர் பார்ப்பது இந்த நிமிடத்துக் கடல், செயற்கைக்கோள் காட்டுவது குறைந்தது சில மணிநேரப் பழைய கடல், பல சமயம் இரண்டு மூன்று நாள் படங்களைச் சேர்த்து ஒட்டியது. அதற்குள் காற்றும் நீவாடும் அந்தக் கோட்டை நகர்த்தியிருக்கும். அதனால்தான் அறிவிப்போடு காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்துத் தருகிறார்கள். அனுபவப்பட்டவர் அதைப் பார்த்து, சொன்ன இடத்திலிருந்து எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று முடிவு செய்வார். வந்த புள்ளியிலேயே போய் வலையை இறக்குகிறவர் ஏமாறுவார்.

காலத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாசி பெருகியவுடன் மீன் வந்துவிடாது. பாசியைத் தின்னும் மிதவை உயிரிகள் பெருகச் சில நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். நேற்று முளைத்த பச்சைத் திட்டைவிட, ஒரு வாரமாக அதே பகுதியில் நிலைத்து நிற்கும் மங்கலான கோடு மேலானது. ஒரே ஒரு நாள் படத்தை வைத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அப்புறம் மேகம். அகச்சிவப்போ, கண்ணுக்குத் தெரியும் ஒளியோ, எதுவும் மேகத்தைத் துளைக்காது. நுண்ணலைக் கருவிகள் மேகத்தைத் தாண்டி வெப்பநிலையை அளக்கும். ஆனால் அவற்றின் ஒரு புள்ளி சுமார் 25 கிலோமீட்டர் அகலம். மீன் தேடுகிறவருக்கு அது போதாது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். கேரளக் கரையில் அடிநீர் மேலெழுந்து கடல் மிகச் செழிப்பாக இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. வானம் மூடிக்கிடப்பதும் அதே மாதங்களில்தான். சோழமண்டலக் கரையில் ஆற்றுநீர் கடலுக்கு வந்து சேரும் ஐப்பசி, கார்த்திகையில் இதே கதை. கருவி நன்றாகப் பார்க்கக்கூடிய வெயில் காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை. தடைக்காலத்திலும் கடல் சீற்றமாக இருக்கும் நாட்களிலும் மீன்பிடி அறிவிப்பு வெளியிடுவதில்லை.

வங்காள விரிகுடா இந்த வேலைக்கு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீரைவிட இலேசானது, மேலேயே பரவி நிற்கும். அந்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு அடிநீர் எளிதில் மேலே வராது. அரபிக்கடலைவிட இங்கே பாசி குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இது. மேல்நீர் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பதால் வெப்பநிலைப் படத்தில் கோடுகளும் தெளிவாக விழுவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் காற்றில்லாத நாளில் எடுத்த படம் எங்கே பார்த்தாலும் ஒரே சிவப்பு. அகச்சிவப்புக் கருவி அளப்பது கடலின் மேல்தோலை மட்டும்தான், ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம். தோல் சூடாகிவிட்டால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. பாசியும் பல சமயம் மேலே இருப்பதில்லை. வெளிச்சமும் உரச்சத்தும் சந்திக்கும் 50, 60 மீட்டர் ஆழத்தில் தடித்த அடுக்காக நிற்கும். மேலிருந்து பார்த்தால் நீலக்கடல்.

கரையோரம் வந்தால் வேறு தொல்லை. ஆறு கொண்டுவரும் வண்டலும் அலை கிளப்பும் சேறும் செயற்கைக்கோள் கண்ணுக்குப் பாசிபோலவே தோன்றலாம். ஆழம் குறைந்த இடத்தில் தரையே ஒளியைத் திருப்பி அனுப்பிக் குழப்பும். பாக் நீரிணையை ஒட்டிய பாக் விரிகுடா இந்த இரண்டுக்கும் எடுத்துக்காட்டு. பெரும்பகுதி சில மீட்டர் ஆழம்தான், சேறும் கடற்புல்லும் நிறைந்த தரை. ஆழ்கடலுக்கென்று எழுதிய கணக்கு அங்கே அப்படியே செல்லுபடியாகாது. ராமேஸ்வரத்து மீனவருக்கு அந்தப் பக்கம் கணக்கு சரியாக வந்தாலும் பயன் அதிகமில்லை. மீன் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாத ரகசியமில்லை. 1974இலும் 1976இலும் வரைந்த கடல் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, அன்றைக்கு இலங்கைக் கடற்படை எங்கே நிற்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பச்சையத்துக்கு எல்லைக்கோடு தெரியாது.

யாருக்கு இந்தத் தகவல் உதவும் என்பது வலையைப் பொறுத்தது. மேல்மட்டத்தில் திரியும் மத்தி, அயலை, சூரை, சீலா பிடிக்கிறவர்களுக்கு, அதாவது செவுள் வலையும் தூண்டிலும் போடுகிறவர்களுக்கு, இது நேரடியாகப் பயன்படும். இழுவை மடி போட்டு அடித்தரையில் இறாலும் கணவாயும் நண்டும் வாரும் விசைப்படகுக்கு மேல்நீரின் நிறம் பெரிதாக எதையும் சொல்லாது. அதற்குத் தரை சேறா மணலா, எத்தனை பாகம் என்பதே போதும். ஆழ்கடல் சூரைக்குத் தனி அறிவிப்பு இருக்கிறது. சூரை வெப்பநிலையைப் பார்த்து மேலும் கீழும் போய்வரும் மீன் என்பதால், மீன்களின்மேல் செயற்கைக்கோள் குறிகளைப் பொருத்தி எந்த நேரம் எந்த ஆழத்தில் நீந்துகிறது என்று பார்த்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்திலிருந்து வாரக்கணக்கில் தங்கி அரபிக்கடலில் தூண்டில் போடுகிற படகுகளுக்கு இப்படிப்பட்ட தகவல் பொன்போல. போய்ச் சேர்ந்தால்.

தகவல் படகுக்குப் போய்ச் சேருவது வெகுகாலம் பெரிய இடைவெளியாகவே இருந்தது. தொடக்கத்தில் தொலைநகலும் துறைமுக அறிவிப்புப் பலகையும்தான். 1990களின் இறுதியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எளிய வேலை செய்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பின்னாளில் அதே நிறுவனத்தின் மீனவ நண்பன் கைபேசிச் செயலி வந்தது. ஆனால் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிக்குச் சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல அதற்கு வெகுதூரம் அப்பால் இருந்தன, எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. மீன் இருக்கும் இடத்தைச் சொல்ல ஏற்பாடு இருந்த நாட்டில், புயல் வரும் இடத்தை ஆழ்கடலில் இருப்பவனுக்குச் சொல்ல ஏற்பாடில்லை. 2019இல் அறிமுகமான ஜெமினி என்ற சிறு கருவி செயற்கைக்கோள் வழியாக நேராகப் படகிலுள்ள கைபேசிக்குப் புயல் எச்சரிக்கையையும் மீன்பிடித் தகவலையும் அனுப்புகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை, மீனவர் திரும்பப் பேச முடியாது. இருவழித் தொடர்புக்கு, படகு நிற்கும் இடத்தையும் செய்தியையும் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் இப்போது படகுகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு லாபம் என்ன? மீனைத் தேடி அலையும் நேரம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைவதாக அரசுத் தரப்பில் சொல்வார்கள். இவ்வளவு அகலமான வீச்சைச் சொன்னாலே, அது எந்தக் கடல், எந்த வலை, எந்த மாதம் என்பதைப் பொறுத்தது என்று புரிந்துகொள்ளலாம். ஆனாலும் ஒரு பயணத்தின் செலவில் டீசல்தான் பெரிய பங்கு. அலைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பலன் ஏலத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இதன் உண்மையான லாபம் டீசலில்தான் என்பது என் கணிப்பு, கூடுதல் மீனில் இல்லை. காரணம் எளிது. அறிவிப்பு எல்லாருக்கும் பொது. ஒருவர் தானாகக் கண்டுபிடித்த இடத்தை வயர்லெஸ்ஸில் வாய்தவறியும் சொல்ல மாட்டார். ஆனால் அரசு சொன்ன இடத்துக்கு எல்லாரும் போவார்கள். அங்கே இருக்கும் மீன் அதே மீன், சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

பச்சையம் இருந்தால் மீன் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மத்தி பெரிய அடி கொடுத்தது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் கிடைத்தது 3,300 டன்கூட இல்லை. அந்தப் பத்தாண்டுகளிலும் பருவக்காற்று வந்தது, அடிநீர் மேலே ஏறியது, பாசி பூத்தது. மேய்ச்சல் இருந்தது, மேய ஆளில்லை. பசிபிக் பெருங்கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோ நிகழ்வால் நம் கடல் சூடானதும், அதற்கு முன் குஞ்சு மத்தியை அள்ளித் தள்ளியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எந்தச் செயற்கைக்கோள் படமும் இந்தச் சரிவை முன்கூட்டிச் சொல்லவில்லை. அது பார்ப்பது உணவை, மீனின் எண்ணிக்கையை இல்லை.

இதே வெப்பநிலைப் படத்தை மறுபக்கமாகத் திருப்பிப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். ஹவாய்க்கு வடக்கே வாள்மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களின் கொக்கியில் பெருந்தலை ஆமைகள் சிக்கிக்கொண்டிருந்தன. ஆமைகளில் செயற்கைக்கோள் குறி வைத்துப் பார்த்ததில், சுமார் 18 பாகை செல்சியஸை ஒட்டிய நீர்ப் பட்டையில்தான் பெரும்பாலும் சிக்குகின்றன என்று தெரிந்தது. 2006 முதல் அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவா, அந்தப் பட்டை இன்றைக்கு எங்கே ஓடுகிறது என்று வரைபடம் வெளியிட்டு, அங்கே தூண்டில் போடாதீர்கள் என்று சொல்லத் தொடங்கியது. போகக்கூடாத இடத்தைச் சொல்லும் அறிவிப்பு.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எனக்கு அந்த வரைபடம் நினைவுக்கு வந்தது. ஆனால் ஹவாய் முறையை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது. நம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நெருங்கி வருகிறவை, சிக்குவது பெரும்பாலும் இழுவை மடியில். தண்ணீரின் சூடு எத்தனை பாகை என்று பார்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. விசைப்படகு 5 கடல்மைலுக்கு உள்ளே வந்து மடி இழுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. படகு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கத்தான் கருவி வேண்டும். டிரான்ஸ்பாண்டர் அதைக் காட்டும், அணைத்து வைக்காமல் இருந்தால்.